காயவைத்த ரொட்டி

எந்தக் குற்றமும் செய்யாத ஒரு குடும்பத்தை என் ஒன்பதாவது வயதில் போலீசுக்குக் காட்டிக்கொடுத்தேன். யாரும் மிரட்டவில்லை, யாரும் தூண்டிவிடவில்லை. என் மாமா என்னைப் பெரிய ஆளாக நினைக்க வேண்டும், அதற்காகச் செய்தேன். இந்தக் கதையை என் பிள்ளைகளிடம் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறேன். அதில் நான் வீரன். இப்போது உள்ளபடி எழுதுகிறேன்.

மலாயாவில் மந்தின் என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாது என்று தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பால்மரம் சீவப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்ட முடியாது. கடையில் மீன் டப்பா வாங்கினால் கடைக்காரரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். சேர்த்துவைத்தால் கெட்டுப்போக வேண்டும் என்பது சட்டத்தின் யோசனை. என் தாய்மாமா அந்த வாசலில் ஸ்பெஷல் போலீஸ். துப்பாக்கி அவரைவிடக் கொஞ்சம்தான் குட்டை. அதைத் தோளில் மாட்டிக்கொண்டால் சொந்த அக்காவான என் அம்மாவைக்கூட "ம்... அடுத்த ஆள்" என்றுதான் கூப்பிடுவார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்து ஆலையில் இயந்திரம் பார்க்க ஒரு ரஷ்யாக்காரர் மனைவியோடும் மகளோடும் வந்து சேர்ந்தார். புரட்சி வந்தபோது ஊரைவிட்டு ஓடிய குடும்பம். சீனாவின் வடக்கே ஒரு ரயில் நகரத்தில் இருந்து, பிறகு சாங்காய்க்கு ஓடி, அங்கும் கம்யூனிஸ்டுகள் வந்ததும் கப்பலேறியவர்கள். அப்படி ஓடி ஓடி வந்து சேர்ந்த இடத்தில் எங்கள் தோட்டம் அவரையே கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டது. ரஷ்யாக்காரர் வேறு என்னவாக இருக்க முடியும்? வெள்ளைக்காரத் துரைமார் அவரைக் கிளப்புக்குக் கூப்பிடவில்லை. லயத்துக்காரர்கள் 'அரைத்துரை' என்று பெயர் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

மகள் மட்டும் எங்கள் தோட்டப் பள்ளியில் சேர்ந்தாள். பக்கத்து நகரமான சிரம்பானுக்கு அனுப்பிப் படிக்கவைக்க வசதியும் இல்லை, சாலையில் பாதுகாப்பும் இல்லை. ஆறே மாதத்தில் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டக் கற்றுக்கொண்டாள். ஒரு நாள் மழைக்கு ஒதுங்க என்னைத் தன் வீட்டுக்குள் இழுத்துப் போனாள். சமையலறை உத்தரத்தில் தலையணை உறைகள் வரிசையாகப் புடைத்துத் தொங்கின.

"என்னது இது?"

"ரொட்டி. காஞ்ச ரொட்டி." ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள். கடித்தேன். பல்தான் வலித்தது.

"கடிக்காதடா மடையா, டீயில நனைக்கணும்."

"எதுக்கு இவ்ளோ?"

"ஓடுறப்போ தின்ன."

"எங்க ஓடப் போறீங்க?"

"யாருக்குத் தெரியும்? எந்த ஊருக்குப் போனாலும் எங்கம்மா மொதல்ல இதைத்தான் காயவச்சுத் தொங்க விடுவாங்க."

அன்று சாயங்காலமே வாசலுக்குப் போய் மாமாவிடம் பைகளைப் பற்றிச் சொன்னேன்.

"நெசமாவாடா? மூணு பேருக்கு எதுக்கு அவ்ளோ ரொட்டி? யாருக்காம்?"

அவள் சொன்ன பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் விஷயம் சின்னதாகிவிடும், மாமா சிரித்துவிட்டுப் போய்விடுவார் என்பதும் எனக்குத் தெரிந்தது. பேசாமல் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். என் குற்றம் அவ்வளவுதான், ஒரு பார்வை. மாமா தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தார். கண்ணை மறைக்கும் அளவுக்குப் பெரிய தொப்பி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் போலீஸ் லாரி நின்றது. தலையணை உறைகள் தரையில் குவிந்து கிடந்தன. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஏதோ கேட்க, அரைத்துரை எண்ணெய்க் கைகளை விரித்து அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அழவில்லை. போகச் சொல்வதற்கு முன்பே மூட்டை கட்டி முடித்துப் பக்கத்தில் வைத்திருந்தார். பழக்கம் போலிருக்கிறது. நாடு கடத்திவிடுவார்கள் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி எல்லோரிடமும் கிசுகிசுத்தார். எந்த நாட்டுக்கு என்று யாரோ கேட்டார்கள். அவர்களுக்குத்தான் நாடே கிடையாதே.

மகள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"இவன்கிட்ட கேளுங்க! இவனுக்குத் தெரியும்! டேய், நான் ஓடுறதுக்குன்னு சொன்னேன்ல? சொல்லுடா!"

என்னைத் தன் சாட்சியாகக் கூப்பிட்டாள். களமே என் வாயைப் பார்த்தது. மாமா கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் திரும்பி வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் அடுப்புக்கு மேலேயும் ஒரு சாக்கு தொங்கியது. அதில் காய்ந்த மரவள்ளிக் கிழங்கு. ஜப்பான்காரன் காலத்தில் என் அக்காவுக்குக் கொடுக்க வீட்டில் எதுவும் இல்லாமல் போய், அவள் செத்துப்போனதிலிருந்து அம்மா அதைக் காலியாக விட்டதில்லை. சாக்கை அறுத்து இறக்கி, இழுத்துக்கொண்டு போய், இன்ஸ்பெக்டரின் பூட்ஸுக்கு முன்னால் கொட்டினேன்.

"இது எங்க வீட்டுல இருந்தது. எங்கம்மாவையும் புடிங்க!"

ஒரு காட்டிக்கொடுத்தலுக்குப் பரிகாரமாக எனக்குத் தோன்றியது இன்னொரு காட்டிக்கொடுத்தல்தான்.

"அடப்பாவி, அது எங்க அக்கா வீட்டு மூட்டைடா!" என்று மாமா அலறினார். அரசாங்கத் தரப்புச் சாட்சியம் அத்துடன் முடிந்தது.

ரப்பர் பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வாளியோடு வந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நுழைந்தார். கிழங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ரஷ்யாக்கார அம்மா கட்டிவைத்திருந்த மூட்டையைப் பார்த்தார். "அந்தம்மா என்னதான் சொல்லுது, கிராணி ஐயா?"

"திரும்பவும் ஓட வேண்டி வந்தா வேணும்னு வச்சிருந்தாங்களாம்."

"அதானே? இதுக்கா லாரி கொண்டாந்தாங்க?" அம்மா வாளியை ணங்கென்று வைத்தார். "நம்மளும்தான் வச்சிருக்கோம்னு தொரைகிட்ட சொல்லுங்க. எம் மகள பசியில குடுத்துட்டு நிக்கிறேன், நான் வைக்காம வேற யாரு வைப்பா?" பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? போய் உங்க மூட்டைங்களையும் எடுத்தாங்க!"

 முதலில் ஒருத்தி போனாள். அவள் பின்னால் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் கிழங்கு வற்றல், காய்ந்த சோறு, கருவாடு என்று ஒவ்வொரு லயத்திலிருந்தும் மூட்டைகள் வந்து விழ, பெரட்டுக்களம் சந்தையாகிவிட்டது. ஒருத்தி தன் மூட்டையை மாமாவின் காலடியிலேயே போட்டாள். "இந்தா, இதையும் தடவிப் பாரு! உன் பொண்டாட்டிதான் எனக்குக் கட்டிக் குடுத்தா!"

ஊரே சிரித்தது. அத்தை மட்டும் கூட்டத்துக்குப் பின்னால் மறைந்தார்.

இன்ஸ்பெக்டர் தோட்ட மேனேஜரான பெரிய துரையைப் பார்த்தார். பெரிய துரை லாரியைப் பார்த்தார். இத்தனை பெண்களையும் அதில் ஏற்றினால் நாளை மரம் சீவ யார் இருக்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் தள்ளிப்போய் வெகுநேரம் இங்கிலீசில் பேசினார்கள். கடைசியில் கிராணி வந்து அறிவித்தார்: "யாரையும் கொண்டு போகலையாம். ஆனா எதையும் சேத்துவைக்கக் கூடாதாம். இன்னைக்கே எல்லாத்தையும் ஆக்கித் தின்னு தீத்துடணுமாம்!"

அப்படி ஒரு தண்டனையை எங்கள் தோட்டம் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. கோயில் அண்டாக்கள் வந்தன. கிழங்கு வெந்தது. வாளி வாளியாகத் தேநீர் கலந்தார்கள். ரஷ்யாக்கார அம்மா மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வந்து, ரொட்டித் துண்டுகளை ஆளுக்கு ஆள் கொடுத்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையை, "நனை, நனை" என்று சொல்லிக்கொண்டே போனார். அரைத்துரை எங்களோடு சம்மணம் போட்டு உட்கார முயன்று பக்கவாட்டில் சாய்ந்தார். அம்மா கொடுத்த கிழங்கை இன்ஸ்பெக்டரும் மறுக்க முடியாமல் தின்றார்.

ரஷ்யாக்காரக் குடும்பத்தின் வாழ்க்கை அந்த உத்தரவிலிருந்துதான் எழுந்தது. மறுநாளுக்கு வைக்க முடியாது என்றால் அன்றன்றைக்குச் சுட வேண்டும். சுட்டது தீர வேண்டும் என்றால் வாங்க ஆள் வேண்டும். அரைத்துரை உடைந்த செங்கல்லைப் பொறுக்கி வந்து ரொட்டி அடுப்புக் கட்டினார். லயத்துப் பெண்கள் விடியும் முன்பே வரிசையில் நின்றார்கள். அரைத்துரையைக் கூப்பிடாத கிளப்பும் ரொட்டிக்கு ஆள் அனுப்பியது. அவசரகாலம் முடிவதற்குள் சிரம்பானில் சொந்தப் பலகை மாட்டிய கடை. திறப்பு விழாவுக்குத் தோட்டத்திலிருந்து ஒரு லாரி நிறையப் போனோம். அந்தத் தடவை எல்லோரும் பாடிக்கொண்டே ஏறினோம்.

தோட்டத்தில் இருந்தவரை, பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் ரஷ்யாக்கார அம்மா சூடான ரொட்டி ஒன்றை என் கையில் வைப்பார். அவர்களைக் காப்பாற்றிய பையன் என்று ஊர் சொன்னது. நான் மறுக்கவில்லை.

சிரம்பானில் ஆசிரியர் வேலை கிடைத்த அன்று, இனியும் முடியாது என்று கடைக்குப் போனேன். அதற்குள் அந்த அம்மா எங்கள் தமிழைச் சரளமாகப் பேசிக்கொண்டிருந்தார். கல்லாவுக்கு முன்னால் நின்று, நான் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "தெரியும், தம்பி."

"மாமா சொன்னாரா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? அன்னைக்கு வரைக்கும் எங்க வீட்டுக்குள்ள வந்தது நீ ஒருத்தன்தானே?"

 "அப்புறம் ஏன் தினமும் ரொட்டி குடுத்தீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ மூட்டையைக் கொண்டாந்து கொட்டினதுக்கு மறுநாள்ல இருந்து எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்தாங்களே" என்றார். கடையில் கூட்டம் சேர்ந்துகொண்டிருந்தது. "வந்ததுதான் வந்தே, அந்தத் தட்டை இப்படிப் புடி."

பிடித்தேன். அன்று கடை மூடும்வரை அவரோடு நின்று தட்டுகளைத் தூக்கினேன். தன் வீரத்துக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துத்தான் அன்று நானாக இருந்த அந்தப் பையன் ஒவ்வொரு காலையும் அந்த ரொட்டியைத் தின்றான். கொடுத்தவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.