லீக்கில் இல்லாத வீடு

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று மூன்று லாரிப் பட்டறைகளுக்கு முதலாளி. தெரியாததைத் தெரியாது என்று கேட்க ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை, ஆளானது அப்படித்தான். போன வாரம் என் மேனேஜர் ஒரு சின்னப் பட்டறைக்காரரைப் பற்றி, "நாட் இன் அவர் லீக் சார்" என்றான். அப்படியென்றால் என்னப்பா என்று கேட்டேன். விளையாட்டிலிருந்து வந்த பேச்சாம். அவர் நம் தரத்துக்கு வரமாட்டார் என்று அர்த்தமாம்.

எனக்குச் சுரீரென்று ஏறியது. இதே வார்த்தையை எட்டு வயதில் கேட்டிருக்கிறேன்.

அப்போது அப்பா கோரிப்பாளையத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். அக்காவைப் பெண் பார்க்கச் சென்னை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அப்பா மண்ணெண்ணெய் போட்டுக் கைக்கறையைத் தேய்த்துக் கழுவிவிட்டு நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் வாய்க்கு வாய் கிரிக்கெட் பேசுகிறவர். அம்மா கிளறிய கேசரியைக்கூட "சிக்ஸர்" என்றார். அக்கா காப்பித் தட்டோடு வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பக்கம் திரும்பிச் சிரித்தபடி, "நைஸ் கேர்ள். பட் நாட் இன் அவர் லீக்" என்றார். அந்தம்மாவும் சிரித்தார்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். "ரொம்பச் சந்தோசங்க" என்று கும்பிட்டார்.

எங்கள் கேசரியைத் தின்றுகொண்டே எங்களை மட்டம் தட்டியிருக்கிறான் அந்த மனுஷன்! பிடிக்கவில்லை என்று தமிழில் சொல்ல வாயில்லையா? ஒரு பெண்ணின் வாழ்க்கை என்ன லீக் மேட்சா? நாங்களும் வைகை மணலில் கபடி ஆடியவர்கள்தாம். தோற்றவனிடம் தோற்றாய் என்று மூஞ்சிக்கு நேரே சொல்வோம்.

சென்னைச் சம்பந்தம் கூடிவிட்டது என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பதில்தான் வரவில்லை. ஒரு மாதம் கழித்து வாடிப்பட்டியிலிருந்து இன்னொரு மாப்பிள்ளை தன் அம்மாவோடு வாசலில் வந்து நின்றார்.

"வேற எடத்துல பேசி முடிஞ்ச மாதிரிங்க" என்று அப்பா அவர்களைத் திருப்பப் பார்த்தார்.

அக்கா விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

"அவுக இனி வரமாட்டாகப்பா. இவுகள உள்ள கூப்பிடுங்க."

"ஒனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. டேய், பாய விரி."

பாயை விரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு. சென்னை அத்தான் கிரிக்கெட் மட்டை வாங்கித் தருவார் என்று கூட்டாளிகளிடம் பீற்றியிருந்தேன். எல்லாவற்றையும் இவள் கெடுத்துவிட்டாளே என்று கல்யாணம்வரை அவளோடு பேசவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அன்றைக்குத் தட்டு ஆடாமல் நின்றபோதே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதும், அப்பாவின் சந்தோசத்தை உடைக்க மனம் வராமல்தான் அத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.