நன்னிலம் சர்வர் என்னை உள்ளே விடாத நாள்

பிள்ளைகளே, உங்களில் பெரியவள் பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் நான் பாதிப் பொழுதைப் பஸ்ஸில்தான் கழித்தேன். திருக்காட்டுப்பள்ளியில் ஒரு அரிசி ஆலையில் கம்ப்யூட்டர் வேலை. பன்னிரண்டாவதுக்குப் பிறகு ஆறு மாதக் கோர்ஸ் படித்தவன் நான். மற்றதெல்லாம் தட்டித் தட்டிக் கற்றதுதான். ஆலைக்கு நன்னிலத்தில் ஒரு குடோன். இங்கே ஒரு சர்வர், அங்கே ஒரு சர்வர். அங்கே ஏதாவது கோளாறு என்றால் தஞ்சாவூர், கும்பகோணம் என்று பஸ் மாறிப் போய்ச் சேர வேண்டும். ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் வழி நெடுகச் சம்பா கதிர். இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அப்போது இனிக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு மாதம் நெருங்கிவிட்டது. வீட்டில் துணைக்கு ஆள் கிடையாது. அறுவடை நேரம் என்பதால் லீவும் கிடையாது.

"வலி எடுக்கறப்ப நீங்க நன்னிலத்துல இருந்தா நான் என்ன பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

இருந்த இடத்திலிருந்தே இன்னொரு சர்வருக்குள் போய் வேலை செய்ய எஸ்எஸ்எச் என்று ஒரு வழி உண்டு. நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. முதலில் பாஸ்வேர்டு வைத்துத் திறந்தேன். ஒரு வாரம் கழித்து, யார் யார் நுழையப் பார்த்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவைப் பார்த்தால், முகம் தெரியாத யார் யாரோ பாஸ்வேர்டை ஊகித்துத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பயந்துபோய், பாஸ்வேர்டு வைத்து நுழைவதை அடைத்தேன். பதிலுக்குச் சாவிக் கோப்பு ஒரு ஜோடி செய்து, ஒன்றை ஆலையில் வைத்துக்கொண்டு, மற்றதை நன்னிலம் சர்வரில் என் ஃபோல்டருக்குள் போட்டுவிட்டு வந்தேன். இரண்டும் பொருந்தினால்தான் சர்வர் உள்ளே விடும்.

மறுநாள் ஆலையில் உட்கார்ந்து முயன்றால், அனுமதி இல்லை என்று ஒரே வரி. எத்தனை தரம் முயன்றாலும் அதே வரி.

குடோனில் பில் போடும் அக்காவுக்குப் போன் செய்தேன். சாவியின் கடைசி எழுத்துகளை அவர் வாசிக்க, என்னிடம் இருந்த அதன் நகலோடு ஒப்பிட்டேன். சரியாகவே இருந்தது. பிறகு சர்வரின் பதிவைத் திறக்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்லத் தட்டி, வந்த வரிகளைப் படித்தார். அப்புறம் சிரித்தார்.

"தம்பி, உன் ஃபோல்டரை யார் வேணா மாத்தலாம்னு விட்டிருக்கியாம். அதனால அதுல இருக்கற சாவிய நம்ப மாட்டேங்குது."

திறந்து விட்டவன் நானேதான். குடோனில் எல்லாமே எல்லோருக்கும் பொது. எடைச்சீட்டுகளைப் போட்டுவைக்க வசதியாக இருக்கட்டுமே என்று, என் ஃபோல்டரில் யாரும் எழுதலாம் என்று மாற்றியிருந்தேன். யாரும் வேறொரு சாவியைச் செருகிவிடக்கூடிய இடத்தில் இருப்பதை சர்வர் எப்படி நம்பும்? என்னைத் தவிர யாரும் அதில் எழுத முடியாதபடி மாற்ற, அக்காவுக்குத் தட்ட வேண்டிய கட்டளையை ஒரு வரியில் சொன்னேன்.

"அப்ப நாங்கள்லாம் வேத்தாளா?"

"உங்களுக்குத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டுத் தரேன்க்கா."

அவர் என்டரைத் தட்டினார். நான் மறுபடி முயன்றேன். நன்னிலம் சர்வரின் பெயர் என் திரையில் வந்து நின்றது. உள்ளே போனதும் முதல் வேலையாக அக்காவுக்கான ஃபோல்டரைப் போட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம், ஆலையில் உட்கார்ந்தபடியே குடோன் சர்வரில் வேலையாக இருந்தபோது உங்கள் அம்மா போன் செய்தாள். களத்தைச் சுற்றிப் போகாமல், காய்கிற நெல்லை மிதித்துக்கொண்டே ஓடினேன். நெல் துழாவிக்கொண்டிருந்தவர்கள் திட்டினார்கள். பத்து நிமிஷத்தில் வீடு. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"செருப்பக் கழட்டாதீங்க. ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றாள்.