நான் முந்திக்கொண்டு சொன்ன செய்தி

தம்பி தங்கைகளே, நல்ல செய்தியைச் சொல்லியும் ஒருவரை அழவைக்க முடியும். நான் அழவைத்தேன்.

தி.நகரில் ஒரு துணிக்கடை. என் மனைவி சுமதிக்குப் புடவைப் பிரிவில் வேலை, எனக்குப் பார்சல் கட்டும் வேலை. அவள் வயிற்றில் பாப்பா வந்ததும் பிரசவ விடுப்புக்குக் கடிதம் எழுதினாள்.

"திங்கக்கிழமை நானே முதலாளிகிட்ட குடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் வாயைத் தொறக்காதய்யா" என்றாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சனிக்கிழமையே முதலாளியிடம் மைசூர்பாகு நீட்டினேன்.

"இன்னாப்பா விசேஷம்?"

சொன்னேன். தின்றுவிட்டு இன்னொரு துண்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை சுமதி கடிதத்தை எடுக்கும் முன்பே அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். வேலை சரியில்லை என்று அவளை நீக்கியிருந்தார். பாப்பா விஷயம் தெரிவதற்கு முன்பே நீக்கியதுபோல, போன வாரத் தேதி போட்டிருந்தார்.

"நேத்துகூட நாள் பூரா நின்னு வித்தேனே சார்!"

"நின்னது போதும்மா, வீட்ல போய் உக்காரு. உன் புருஷன் குடுத்த ஸ்வீட் சூப்பர்" என்று சிரித்தார். கூட வேலை செய்தவர்கள் குனிந்து புடவை மடித்தார்கள்.

இப்போது பாப்பா நடக்கிறாள். தொழிலாளர் அலுவலகத்தில் கொடுத்த எங்கள் மனுதான் இன்னும் நகரவில்லை.

அடுத்தவர் சொல்ல வேண்டிய செய்தியை இப்போதெல்லாம் நான் சொல்வதில்லை. இதை எழுதவும் சுமதியிடம் கேட்டேன்.

"எழுதுய்யா. அந்தாளு இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் துன்னதையும் எழுது" என்றாள்.