தண்ணீர் வேண்டாத சுவர்

எங்கள் பக்கத்தில் வீடு கட்டியவர்களுக்கு எல்லாம் தெரியும். கட்டாதவர்களுக்கு அதைவிட அதிகம் தெரியும். ராசிபுரத்துக்கு வெளியே எங்கள் விவசாயக் காட்டில் மரச்சட்டத்தில் வீடு கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு வாய் ஓயவில்லை.

அம்மாவுக்காகத்தான் அந்த வீடு. இருதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கு வெக்கை கொஞ்சமும் ஆகவில்லை. எங்கள் காங்கிரீட் வீடு பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். ஏசி போட்டால் கால் குடைகிறது என்பாள். தூக்கமில்லாமல் முகமே சுருங்கிப்போனது. சித்திரைக்குள் அவளைக் குளிர்ச்சியான அறையில் படுக்க வைத்துவிட வேண்டும், எனக்கு வேறு எண்ணமே இல்லை.

சட்டங்களைப் பட்டறையிலேயே அறுத்துப் பொருத்தி லாரியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இரண்டு பக்கமும் பலகை, நடுவில் பஞ்சு அடைப்பு. வெக்கை உள்ளே இறங்காது. கனம் குறைவு, பெரிய அஸ்திவாரம் வேண்டாம். மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். வந்தவர் போனவருக்கெல்லாம் இதைச் சொல்லித் தொண்டை வறண்டது. கரையான் அரிக்காதா என்பார்கள். மரத்துக்கு மருந்து ஏற்றியிருக்கிறது, தரையிலிருந்து தூக்கித்தான் நிறுத்துகிறோம் என்பேன். தலையை ஆட்டிவிட்டு, மறுபடியும் கரையான் அரிக்காதா என்பார்கள். மாமா ஒருவர் வண்டியை விட்டு இறங்காமலேயே, "ஏங் கண்ணு, கோழிப் பண்ணையா போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்பக்கப் பலகை அடித்து, அடைப்பும் வைத்தாயிற்று. வெளிப் பலகை மறுநாள் வர வேண்டும். விளக்கு வாங்க சேலம் போய்விட்டு மத்தியானம் திரும்பினால், மோட்டார் ஓடுகிறது. அப்பா ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலை விடாமல் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருக்கிறார். சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் சிமென்ட் இறுகும்வரை சுவரை நனைப்பது அவர் பொறுப்பு. ஒரு தீபாவளிக்கு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் முன்பே பெரியப்பாவின் புதுச் சுவரை நனைத்துவிட்டு வந்த மனுஷன்.

நான் கத்திய கத்தலில் பக்கத்துத் தென்னந்தோப்பில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். பஞ்சு ஊறிப் பொதபொதவென்று தொங்கியது. எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, சட்டம் காய்ந்த பிறகுதான் மறுபடி வைக்க முடியும் என்றார் தச்சர். சித்திரை பிறந்துவிடும். இதில் சிமென்ட்டே இல்லையே, எதற்கு நனைத்தீர்கள் என்று கேட்டேன்.

"உங்கம்மா படுக்கற ஊடு கண்ணு. இதுல எனக்கு ஒரு வேலயுமே வெக்கலியே," என்றார்.

அழுகை வந்தது. ஆனால் கோபம் போகவில்லை. நனைத்தே ஆக வேண்டுமென்றால் நம் வீட்டு மொட்டைமாடியை நனையுங்கள் என்று கத்தினேன். ஆத்திரத்தில் சொன்னது. அவர் அதையும் செய்தார். தினமும் வெயில் தாழ்ந்ததும் மேலே ஏறி, தளத்தின் சூடு அடங்கும்வரை தண்ணீர் ஊற்றினார். அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணயர ஆரம்பித்தாள்.

சித்திரை பாதியில் புது வீட்டுக்குப் போனோம். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே சுவரைத் தொட்டால் சூடே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா படுத்தாள், புரண்டாள், எழுந்து உட்கார்ந்தாள்.

"ஊடு நல்லா சில்லுனுதான் இருக்குது. உங்கப்பன் தண்ணி ஊத்தற சத்தங் கேட்டாத்தான் தூக்கம் வருது," என்றாள்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்பா ஓஸ் பைப்பை எடுக்க எழுந்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.