கித்தார்க்காரரின் இடது கை

1986 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். பாரிஸில் எங்கள் லா ஷப்பல் பகுதியில் காலையிலிருந்து தூறல். ஜன்னலுக்கு வெளியே மாட்டியிருந்த வெப்பமானி ஏழு டிகிரி காட்டியது. இரவு எட்டு மணிக்குத் திரும்ப வேண்டிய எதிர்வீட்டுக்காரர் அப்போதே படியேறி வரும் சத்தம் கேட்டது. எங்கள் நாலாம் மாடிக்கு எழுபத்தாறு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறினார். ஏதோ கெட்டுப்போயிற்று என்று நினைத்துக் கதவருகே போனேன்.

அவர் கரீபியக் கடலின் குவாதலூப் தீவுக்காரர், ஜாஸ் கித்தார் வாசிப்பவர், வயது ஐம்பத்தெட்டு. இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். முதலில் தீவுக்காரர்கள் ஆடும் நடனக்கூடங்களில் வாசித்தார், பிறகு ஜாஸ் கிளப்புகளில். வாடகைக்காகப் பகலில் தபால் பிரிக்கும் வேலை. பாடகர்களுக்கும் சாக்சபோன்காரர்களுக்கும் பின்னால் உட்கார்ந்து முப்பத்தொரு இசைத்தட்டுகளில் வாசித்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தனையையும் நான் எண்ணினேன். ஒன்பது உறைகளின் பின்பக்கத்தில் அவர் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. முன்பக்கத்தில் ஒன்றில்கூட இல்லை. அந்த நவம்பரில்தான் ஒரு சின்ன கம்பெனி முதல் தடவையாக அவர் பெயரிலேயே தட்டுப் போட ஒப்புக்கொண்டிருந்தது. ஒரே ஒரு நாள் ஸ்டூடியோ தருவார்கள். அதற்கு மேல் போனால் அவர் செலவு. அந்த ஒரு நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

நான் புதுச்சேரிக்காரன். அவர் வாயில் ‘முசியே’, அதாவது ஐயா. பிரெஞ்சு அரசு அலுவலகத்தில் முப்பத்துமூன்று வருடம் கோப்புப் பார்த்து ஓய்வு பெற்றவன். பிறர் நோவைக் கண்டால் எனக்குச் சும்மா இருக்க வராது. இடது கை விரல் முட்டிகள் குளிரில் பிடித்துக்கொண்டு மடங்க மறுக்கின்றன என்று அவர் சொன்னதும், நல்லெண்ணெயில் பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சி எடுத்துப் போனேன். காலை அரை மணி, மாலை அரை மணி, விரல்கள் வெதுவெதுப்பான எண்ணெயில் முங்கியிருக்க வேண்டும். ஒலிப்பதிவு நாள்வரை கித்தாரைத் தொடக்கூடாது. விரலில் பிசுக்குத் தங்கி அன்றைக்குக் கம்பியில் ஒட்டிவிடுமே என்று கவலைப்பட்டு, ஒவ்வொரு தடவையும் பயத்தமாவு தேய்த்து நானே கழுவிவிட்டேன். பதினோரு நாள், இருபத்திரண்டு தடவை. மூன்றாம் நாளே முட்டி மடங்கியது. ஐந்தாம் நாளிலிருந்து விரல் நுனியில் தடித்திருந்த தோல் செதில் செதிலாக உரிந்து வந்தது. அழுக்குப் போகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

கதவைத் திறந்தேன். கித்தார்ப் பெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் இடது கையை நீட்டினார். நாலு விரல் நுனியிலும் கம்பி அறுத்த சிவப்புக் கோடு. ஆள்காட்டி விரலில் கொப்புளம் உடைந்திருந்தது. எஃகுக் கம்பியை அழுத்த அந்தத் தடித்த தோல்தான் கவசம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பாட்டோடு நிறுத்திவிட்டார்களாம். இன்னும் ஏழு பாக்கி.

“முட்டி நல்லா மடங்குது முசியே, அதுல குறையே இல்ல,” என்றார். “தோலுதான் நாப்பத்தஞ்சு வருஷமா வளர்த்தது.”

உள்ளேயிருந்து என் மனைவி, “ஆபீஸ்ல காகிதத்தைத் தேய்ச்சது போதாதுன்னு இப்ப மனுஷனைத் தேய்ச்சிருக்காரு,” என்றாள்.

மறுநாள், நான் பயத்தமாவு வாங்கியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போனால் அங்கேயும் செய்தி முந்திக்கொண்டிருந்தது. “ஓம் ஐயா, அவர் இஞ்சை வந்து கையைக் காட்டினவர். பிறந்த பிள்ளையின்ரை கை மாதிரிக் கிடக்கு. எங்கடை மாவுக்கு இனி விளம்பரம் தேவையில்லை,” என்றார் கடைக்காரர்.

தோல் மறுபடி தடிக்க வேண்டுமென்றால் வாசித்தே ஆகவேண்டும், ஆனால் கொப்புளம் வருமுன் நிறுத்த வேண்டும். கடிகாரத்தை நான் பார்த்துக்கொண்டேன். முதல் நாள் ஆறு நிமிடம், அடுத்த நாள் எட்டு. வாசித்து முடித்ததும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரல் நுனியில் வைப்பார். மூன்றாம் வாரத்தில் என் நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை.

இன்னும் அரை நாள் ஸ்டூடியோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு பிராங்க் கேட்டார்கள். தவறு என்னுடையது, முழுதும் நானே கட்டுகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் வாக்குவாதம்.

“நீங்க தேய்ச்சீங்க. நான் கையை நீட்டிக்கிட்டு சுகமா உக்காந்திருந்தேன்,” என்றார் கடைசியில். “பாதிப் பாதி முசியே. இல்லன்னா நான் போகல.”

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை போனோம். இருமக்கூடாது என்ற நிபந்தனையில் என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள். முதல் பாட்டு முடியும்வரை நான் அவர் விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நாலாவது பாட்டு அவர் தீவின் நடனமெட்டு. அதை மிக மெதுவாக, ஒவ்வொரு சுரத்தையும் யோசித்து யோசித்து வைப்பதுபோல வாசித்தார். அதில் நிமிடம் எண்ணுவதையே மறந்துவிட்டேன். ஏழும் முடிந்தபோது அரை நாளில் பதினைந்து நிமிடம் மீதி இருந்தது. அவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையை விரித்துக் காட்டினார். சிவப்பில்லை.

மார்ச்சில் தட்டு வந்தது. உறையின் முன்பக்கத்தில் அவர் பெயர். அடிக்கோல் வைத்து அளந்தேன். எழுத்தின் உயரம் மூன்று சென்டிமீட்டர். இதில் ஸ்டூடியோவுக்கு என் பங்கு 750, கித்தார் நனையாமல் போய்வர டாக்சி 88, ஸ்பிரிட்டும் பஞ்சும் 19, எண்ணெய், பூண்டு, ஓமம், மாவு எல்லாமாக 41. எனக்கு ஆன செலவு 898 பிராங்க்.