வெள்ளைக் குதிரைக்குப் பூசிய சாயம்

"…கழுவுனா போயிடும்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

தியேட்டரில் இடைவேளை. வராந்தாத் தூண் பக்கத்தில் நின்றுகொண்டு, கையில் பாப்கார்ன் பொட்டலத்தோடு அந்தப் பெண் என்னைக் கேட்டாள். பன்னிரண்டு வயது. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் கோபமாகக் கேட்கவில்லை. ஒரு கணக்கு ஏன் வரவில்லை என்று வாத்தியாரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க முடியும் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், ஒரு வருஷம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் காக்ஸ் டவுனில் எனக்கு ஷாமியானா, நாற்காலி, அண்டா குண்டா வாடகைக்கு விடுகிற கடை. கல்யாண வீட்டுக்கு என் நாற்காலி போனால், பின்னாலேயே அந்தப் பெண்ணின் அப்பாவுடைய குதிரையும் போகும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கான வெள்ளைக் குதிரை. பெட்டை. பேண்டு காதுக்குள்ளேயே ஊதினாலும், பட்டாசு காலடியில் வெடித்தாலும் அசையாது. "குதிரைக்குக் காதுதான்ணா வாயி. வாயி இருக்கறது திங்க மட்டும்தான்" என்பார் குதிரைக்காரர். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இப்படி யாராவது ஒன்று சொன்னால் பிடித்து மடியில் முடிந்துகொள்வேன். என் படிப்பு அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே பெண். குதிரையும் அவளும் கிட்டத்தட்ட ஒன்றாக வளர்ந்தவர்கள். அதைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் ஒரு வித்தை இருந்தது. மூடிய கையை நீட்டினால் குதிரை நின்ற இடத்தில் நின்று, இரண்டு காதையும் முன்னால் தள்ளி அவளையே பார்க்கும். கையை விரித்தால் வந்துவிடும். உள்ளே வெல்லம் இருக்கும். சில நாள் இருக்காது. அப்போதும் வரும்.

"வெல்லம் இல்லைன்னா ஏமாந்துடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வெல்லத்துக்கா வருது? போங்க மாமா" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பழைய பங்களா ஒன்றில் கன்னடப் படம் எடுக்க வந்தார்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கும் குதிரைக்கும் உள்ள பாசம், அதைச் சுற்றி ஒரு குடும்பம், இதுதான் கதை. நாற்காலி என்னுடையது. ஓடுகிற காட்சிகளுக்கு வேறு எங்கிருந்தோ ஒரு செவலைக் குதிரை கொண்டுவந்திருந்தார்கள். அது கிட்டே போனால் கடிக்க வந்தது. நடிக்கிற குழந்தை அழுதுவிட்டது. சாதுவான குதிரை வேண்டும் என்று படக் கம்பெனி மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். நானாகத்தான் போய், "நம்ம ஆள்கிட்ட ஒண்ணு இருக்கு சார்" என்றேன்.

ஆடி மாதம். கல்யாணம் கிடையாது. குதிரை கொட்டகையில் சும்மா நின்றது.

"வெள்ளையா இருந்தா ஆகாதே, ஓடுறது செவலையாச்சே" என்றார் மேனேஜர். "சாயம் பூசணும்."

குதிரைக்காரர் தயங்கினார். "அண்ணா, ஆவணி பொறந்தா ஊர்வலம் இருக்கு. வெள்ளையா இருந்தாத்தான் மாப்பிள்ளை ஏறுவான்."

மேக்கப்காரர் சிரித்தபடி, ரெண்டு குளியலில் போய்விடும் என்றார். அதை நான் என் வாயால் அந்த வீட்டில் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கழுவுனா போயிடும்மா, நான் சொல்றேன்ல" என்றேன். அவள் கையை எடுத்தாள்.

முதல் இரண்டு நாள் பூசியது உண்மையிலேயே தண்ணீர்ச் சாயம்தான். மூன்றாம் நாள் தூறல் போட்டது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே செவலை வழிந்து காலடியில் குளம் கட்டியது. எல்லோரும் கத்தினார்கள். மறுநாள் காலை மேக்கப்காரர் வேறு எதையோ கிண்ணத்தில் குழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போனேன். குப்பென்று ஒரு நெடி.

அந்த நெடி எனக்குத் தெரியும். பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் உட்கார்ந்து நான் தலைக்குப் பூசிக்கொள்கிறேனே, அதே தலைச்சாயம். கழுவினால் போகாது என்பது இந்த ஊரில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது டைரக்டர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். டீ வந்தால் முதல் கப் எனக்கு வந்தது. ஊரில் நாலு பேர் பங்களா கேட்டுக்கு வெளியே நின்று என்னைப் பார்த்தார்கள். இதற்குமேல் காரணம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

படப்பிடிப்பில் இன்னொன்று நடந்தது. நடிக்கிற குழந்தையைக் குதிரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாசக் காட்சியில் அது பாட்டுக்குப் புல்லைப் பார்த்தது. அப்புறம் நம் பெண்ணைக் கேமராவுக்கு ஒட்டினாற்போல் நிற்க வைத்தார்கள். "ஏ புட்டி, கையை மூடிக்கோ, மூடிக்கோ" என்பார் டைரக்டர். கன்னடத்தில் புட்டி என்றால் பாப்பா. அவள் கையை நீட்டுவாள். குதிரை காதை முன்னால் தள்ளி, கண்ணை அகல விரித்துப் பார்க்கும். "கட்" என்றதும் அவள் கையை விரிப்பாள். அது நேராகக் கேமராவைத் தாண்டி அவளிடம் வரும். படத்தில் அந்தக் குழந்தையைப் பார்த்துக் குதிரை உருகுகிறதே, அத்தனையும் இவளைப் பார்த்து உருகியது.

படப்பிடிப்பு முடிந்து அவர்கள் போய்விட்டார்கள். சாயம் போகவில்லை.

அந்தப் பெண் சீயக்காய் போட்டாள். சோப்புத்தூள், எலுமிச்சம்பழம், புளித்த தயிர், யார் எதைச் சொன்னாலும் போட்டுத் தேய்த்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாளியை எடுத்துவிடுவாள். பளிச்சென்ற செவலை மங்கி, திட்டுத் திட்டாகத் துருப்பிடித்த தகரம் மாதிரி ஆனது. அதற்குமேல் இறங்கவில்லை. தேய்த்துத் தேய்த்துத் தோல் கன்றிப்போனது. கடைசியில் வாளிச் சத்தம் கேட்டாலே குதிரை காதைப் பின்னால் மடக்கியது. அவளைப் பார்த்து அது காதை மடக்கியது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு வாளியை வைத்துவிட்டாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

"எந்தச் சாயமும் ஒருநாள் வெளுக்கும்னுவாங்க. உங்க சினிமா சினேகிதர் கொண்டாந்த சாயம் மட்டும் வெளுக்காது" என்றாள் குதிரைக்காரர் மனைவி, எனக்குக் காபி கொடுத்துக்கொண்டே.

ஆவணியில் முதல் ஊர்வலம் வந்தது. வேறு வழியில்லாமல் குதிரைக்காரர் சாக்பீஸ் மாவைக் குழைத்து உடம்பெல்லாம் பூசினார். மேலே ஜரிகைத் துணி. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க ஒன்றும் மோசமில்லை. மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை இறங்கினான். கறுப்புக் கோட்டு சூட்டு. இடுப்புக்குக் கீழே மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி இருந்தான்! பேண்டுக்காரர்கள் ஊதுவதை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். பெண் வீட்டு வாண்டு ஒன்று, "கழுதை, கழுதை" என்று கத்தியது. மாப்பிள்ளையின் சித்தப்பா குதிரைக்காரரின் சட்டையைப் பிடித்தார். "ஏன்யா, நல்ல காரியத்துக்குச் சாயம்போன மிருகத்தையா கூட்டிட்டு வருவே?"

ஊர்வலத் தொழிலில் சேதி பேண்டுக்காரர்கள் வழியாகத்தான் ஓடும். ஒரு வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

"குதிரை பட்டினி கிடந்தா அது சாபம்ணா" என்றார் ஒருநாள். கொள்ளுக்கு அவர் அலைந்தது எனக்குத் தெரியும். கோலார் பக்கத்திலிருந்து பார வண்டி ஓட்டுகிற ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எந்த நிறமானாலும் அவருக்குப் பரவாயில்லையாம்.

விலை பேசி முடிந்து, அவர் வந்து குதிரையைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முதல்நாள் சாயங்காலம் அந்தப் பெண் என் கடைக்கு ஓடி வந்தாள். "மாமா, சீக்கிரம் வாங்க. வெள்ளை வருது!"

போனேன். பிடரி மயிரைப் பிரித்து அடியில் காட்டினாள். மெல்லிய வெள்ளைக் கோடு. கழுத்திலும், வயிற்றுப் பக்கத்திலும் ரோமத்தை ஊதி ஊதிக் காட்டினாள். "வேர்லேர்ந்து வருது, பாருங்க. அப்பாகிட்ட சொல்லுங்க மாமா. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா கேப்பாரு."

குதிரைக்காரர் எட்டிப் பார்த்தார். "அது சாக்பீஸ் மாவும்மா. அடில போயி ஒட்டிக்கிட்டிருக்கு. அன்னிக்குப் பூசினேன்ல."

அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். மூடிய கையை அவள் நீட்டும்போது குதிரை அவளைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

நானும் குனிந்து பார்த்தேன். மாவு மாதிரிதான் தெரிந்தது. "மாவுதாம்மா" என்றேன்.

மறுநாள் குதிரை போய்விட்டது. அவள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரமாகப் பார்த்து அனுப்பினார்கள்.

இரண்டு ஞாயிறு கழித்துக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். கிண்ணத்தில் சாயம் குழைத்தாயிற்று. வகிடைப் பிரித்தேன். அடியில் மெல்லிய வெள்ளைக் கோடு.

பிரஷ் கையிலேயே இருந்தது. என் மனைவி வந்து, "என்னங்க, காஞ்சு போச்சு பாருங்க" என்றாள். ஐந்து வருஷமாகப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நான் பார்த்துவருகிற கோடு அது. என் தலையில் தெரிந்தது எனக்குக் குதிரையின் கழுத்தில் தெரியவில்லை.

உடனே கிளம்பிப் போனேன் என்று சொல்ல ஆசைதான். போகவில்லை. ஒப்புக்கொள்ள வெட்கம். தை பிறந்த பிறகுதான் கோலார் பஸ் ஏறினேன். பார வண்டிக்காரர் என்னை உட்கார வைத்து மோர் கொடுத்தார். நல்ல மனுஷர். "அது வெள்ளைக் குதிரைங்க! பழைய முடியெல்லாம் உதிர்ந்து பால் மாதிரி ஆயிடுச்சு. உங்க ஆளுக்குத் தெரியாதா? இதைப் போயி பாரம் இழுக்க வைக்கலாமான்னு ஊர்லயே கேட்டாங்க. ஆந்திரா பக்கத்திலேர்ந்து ஊர்வலக்காரன் ஒருத்தன் வந்து கேட்டான், கொடுத்துட்டேன்" என்றார். வாங்கினவன் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. சந்தையில் பார்த்த பழக்கமாம்.

திரும்பி வந்து குதிரைக்காரரிடம் மட்டும் சொன்னேன். மேஸ்திரி ஒருவரிடம் வேலைக்குப் போய் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவுவதை நிறுத்தாமல் கேட்டார். பிறகு, "பாப்பாகிட்ட சொல்லாதீங்கண்ணா" என்றார். அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். அவர் நம்பி இறங்கியது என் வாயை.

ஆடி மறுபடியும் வந்தபோது படம் வெளியானது. நான்தான் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்க் கூப்பிட்டேன். எதைச் சரிக்கட்ட நினைத்தேனோ! குதிரைக்காரர் வரவில்லை. "நானே வித்த குதிரையை நானே போயி பாக்கணுமா?" என்றார். அம்மாவும் பெண்ணும் வந்தார்கள்.

பகல் காட்சி. பாதி தியேட்டர் காலி. அந்தப் பெண் கதையைப் பார்க்கவே இல்லை. "இப்ப பயப்படுது, காதைப் பாரு." "இப்ப பசி." அம்மா அவள் தொடையில் கிள்ளினாள். எங்களுக்கு முன்னால் இருந்தவர் திரும்பி முறைத்தார். படத்தில் அப்பன் குதிரையை விற்கப் பார்க்கிறான். சின்னப் பெண் சாப்பிடாமல் கிடக்கிறாள். இடைவேளைக்குச் சற்று முன்னால் குதிரையின் முகம் திரை முழுக்க வந்தது. இரண்டு காதும் முன்னால். கண் நேராக எங்களைப் பார்த்தது. இவள் பேச்சு நின்றுவிட்டது. விளக்கு போட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்துதான் அதைக் கேட்டாள். இரண்டாம் பாதியில் அந்த அப்பன் மனம் மாறிவிடுவான், குதிரை அவளிடமே இருந்துவிடும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தக் காட்சியை எடுத்தபோது பக்கத்திலேயே நின்றவர்கள் நாங்கள். தலைச்சாயத்து நெடியைச் சொல்லலாமா, வெள்ளைக் கோட்டைச் சொல்லலாமா, ஆந்திரா பக்கத்தில் எங்கேயோ பால் மாதிரி நிற்கிறதாம் என்று சொல்லலாமா? எதைச் சொன்னாலும் அது அவளுக்காகச் சொன்னதாக இருக்காது, என் பாரத்தை அவள் தலையில் இறக்கி வைத்ததாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அது நியாயமா, பயமா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

மணி அடித்தது.

அவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பாப்கார்ன் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். கதவைத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் போனேன். விளக்கு அணைந்துவிட்டிருந்தது. அம்மா உட்கார்ந்திருந்த எங்கள் வரிசையில் அவள் நுழையவில்லை. நடுப் பாதையோடு கீழே இறங்கிப் போய், ஆள் இல்லாத முதல் வரிசைக்கும் முன்னால், திரைக்கு நேர் எதிரே, கேமரா இருந்திருக்கக்கூடிய இடத்தில் நின்றாள். திரையில் குதிரை கொட்டகைக் கம்பின்மேல் தலையை வைத்துக்கொண்டு நின்றது. அவள் மூடிய கையை நீட்டினாள். அது காதை முன்னால் தள்ளி அவளைப் பார்த்தது.

அவள் கையை விரித்தாள்.