பொட்ஸ்வானாவைக் கடந்த வீரர்

இன்று மத்தியானம் மில்லிக்கனில் சிநேகிதி வதனி வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அவளும் கணவர் சிறி அண்ணையும் போன வாரம்தான் ஆபிரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார்கள். மழைக்காலத்தில் மூன்று வாரம் ஜீப்பில் ஓடி, கூடாரத்தில் படுத்த பயணம்.

நான் கதிரையில் இருக்க முன்னமே அண்ணை டிவியில் வீடியோவைப் போட்டார்.

"உந்தச் சேத்துக்குள்ளாலை பொட்ஸ்வானாவைக் கடக்கிறதெண்டா துணிவு வேணும், தங்கச்சி."

திரையில் ஜீப் சேற்றில் புதைந்து கிடந்தது. கொட்டும் மழையில் வதனி முழங்காலில் நின்று சக்கரத்தடியில் கிண்டிக்கொண்டிருந்தாள். பின்னால் அண்ணையின் குரல்: "கெதியாக் கிண்டும், இருட்டுப்படுது!"

"நீங்கள் எங்கை நிண்டனீங்கள், அண்ணை?"

"நான்தானே வீடியோ எடுத்தனான். ஒரு கையிலை ஃபோன், மற்றக் கையிலை குடை."

"குடை வதனிக்கோ?"

"சீ, ஃபோனுக்கு."

ஒரு துளி வெட்கமில்லை. இங்கே ஸ்னோ கொட்டினாலும் டிரைவ்வேயை வதனிதான் துப்பரவாக்குவாள். இவர் ஜன்னலுக்குள் நின்று பார்ப்பார்.

"அடுத்த வருஷம் நாங்கள் சாம்பியா போறம்," என்றார்.

வதனி சோற்றுச் சட்டியை மேசையில் வைத்தாள். "நாங்கள் இல்லை. நீங்கள். நான் வரமாட்டன்."

அண்ணை பகிடியென்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

ஆக, சாம்பியா ஜீப்பில் ஓர் இடம் காலி. அண்ணையின் துணிவுக்குத் துணைபோக விருப்பமுள்ளவர்கள் கீழே கொமென்டில் பெயரைப் போடுங்கள்.